பத்தடி பெனருக்கு எத்தனை புள்ளி? பெரும்பரப்பு அச்சுக்குப் படக்கோப்பு தயாரித்தல் பற்றிய ஓர் ஆய்வு

கண்டி மாவட்டத்து மடவளை பஸாரில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் எவரும் பெனர் பார்க்காமல் பஸ் ஏற முடியாது. நோன்புகால மலிவு விற்பனை, மத்ரஸா பட்டமளிப்பு, இல்ல விளையாட்டுப் போட்டி, புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளுக்கு வாழ்த்து, ஓய்வு பெறும் ஆசிரியருக்குப் பாராட்டு என்று ஏதாவது ஒன்று கடை முகப்பிலோ மின்கம்பத்திலோ தொங்கிக்கொண்டிருக்கும். அண்மையில் அப்படித் தொங்கிய ஓர் ஆசிரியர் பாராட்டுப் பெனரின் கீழே சில நிமிடம் நின்றேன். பெயர் கூர்மையாக இருந்தது. வாழ்த்து வரியும் கூர்மையாக இருந்தது. முகம் மட்டும் கரைந்து போயிருந்தது. கன்னத்தில் தபால் முத்திரை அளவான சதுரங்கள் தெரிந்தன. மூக்குக் கண்ணாடியின் விளிம்பு படிக்கட்டுப் போல உடைந்திருந்தது. பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஒருவரை அவருடைய பழைய மாணவர்களே அண்ணாந்து பார்த்து, பெயரை வாசித்துத்தான் அடையாளம் கண்டார்கள்.

ஒரே துணி, ஒரே மை, ஒரே இயந்திரம். எழுத்து நன்றாக வந்த இடத்தில் முகம் ஏன் வரவில்லை? அச்சகத்தாரைக் கேட்டால் வாடிக்கையாளர் கொடுத்த படம் சரியில்லை என்பார். வாடிக்கையாளரைக் கேட்டால் மெஷின் சரியில்லை என்பார். இடையில் நிற்கும் டிசைனர், இரவு பத்து மணிக்குத் தந்து காலை ஆறு மணிக்குக் கேட்டால் இப்படித்தான் வரும் என்பார். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் எழுத்தும் முகமும் ஒரே பெனரில் வெவ்வேறாக வந்திருப்பதே இயந்திரத்தின் மீதுள்ள குற்றச்சாட்டைப் பொய்யாக்கிவிடுகிறது. பிழை இயந்திரத்துக்குப் போகுமுன்பே பிறந்துவிட்டது. அது எங்கெங்கே பிறக்கிறது, எப்படித் தடுக்கலாம் என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தகட்டின் அளவே படத்தின் அளவு

கண்டிக்குப் படப்பிடிப்புப் புதிய கலை அல்ல. சார்ள்ஸ் ஸ்கோவன் 1870களின் நடுப்பகுதியிலேயே இந்நகரில் படப்பிடிப்பகம் நடத்தினார். அவருடைய காலத்தில் பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய கண்ணாடித் தகடு வேண்டும். தகட்டைத் தாளின் மீது நேரே வைத்து வெயிலில் காட்டித்தான் படம் எடுத்தார்கள். பத்து அங்குலத் தகட்டிலிருந்து பத்து அங்குலப் படம் வரும். அதற்கு மேல் ஆசைப்பட வழியில்லை. அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு மலையேறிய படப்பிடிப்பாளருக்கு, படத்தின் அளவு என்பது தோளில் உணர்ந்த உண்மை.

கணினி அந்தச் சுமையை இறக்கி வைத்தது. கூடவே அந்த உணர்வையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. திரையில் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் எந்தப் படமும் பத்தடி ஆகிவிடுகிறது. படத்துக்குள் இருக்கும் சங்கதி மட்டும் ஒரு துளியும் கூடுவதில்லை. பெரும்பரப்பு அச்சின் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இழுப்பில் தொடங்குகின்றன.

இயந்திரம் என்ன செய்கிறது?

மையைப் பீய்ச்சி எழுதும் எண்ணம் பழையது. தந்திச் செய்தியைப் பதிவதற்காக வில்லியம் தொம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு என அறியப்பட்டவர், 1867இல் காப்புரிமை பெற்ற கருவி மையைத் தாளில் தொடாமலே செலுத்தியது. சீமென்ஸ் நிறுவனத்துக்காக ரூன் எல்ம்க்விஸ்ட் 1951இல் மருத்துவ வரைவுக் கருவியொன்றுக்கு மைப்பீச்சு முறையைக் கொண்டுவந்தார். கெனன் நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் சூட்டினால் மைக்குமிழை வெடிக்கவைக்கும் வழியைக் கண்டது. 1984இல் எச்பி நிறுவனத்தின் திங்க்ஜெட் மேசைக்கு வந்தது. பாடகர் கிரஹாம் நாஷும் அவருடைய நண்பர்களும் ஐரிஸ் 3047 என்ற இயந்திரத்தைக் கொண்டு 1991இல் கலைப்பட அச்சகமொன்றைத் திறந்தபோது, மைப்பீச்சு அச்சு காட்சிக்கூடத்துக்குள்ளும் நுழைந்தது.

கண்டியிலும் சுற்றுப்புறங்களிலும் இன்று பெனர் அடிக்கும் இயந்திரங்கள் பெரும்பாலும் மின்னழுத்தத்தால் நெளியும் படிகத்தைக் கொண்டு மைத்துளியைத் தள்ளுபவை. 3.2 மீற்றர் அகலமான இயந்திரமே இத்தொழிலின் பொது அளவு. பத்தடிச் சுருள் அதில் இலகுவாக ஓடும். கோப்பு நேராக அதற்குள் போவதில்லை. ரிப் என்று அச்சகத்தார் சொல்லும் மென்பொருள், மெயின்டாப், போட்டோபிரிண்ட், ஒனிக்ஸ் போன்றவற்றில் ஒன்று, படத்தின் ஒவ்வொரு நிறத்தையும் எங்கே எத்தனை துளி என்று கணக்கிட்டுப் பிரிக்கிறது.

இங்கேதான் முதல் குழப்பம். இயந்திரத்தின் 720 அல்லது 1440 டிபிஐ என்பது அங்குலத்துக்கு எத்தனை மைத்துளி இடமுடியும் என்ற கணக்கு. படத்தில் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி இருக்கிறது என்பது வேறு கணக்கு. ஒரு படப்புள்ளியின் நிறத்தைக் காட்டப் பல மைத்துளிகள் தேவைப்படுகின்றன. ஆகவே 1440 டிபிஐ மெஷினுக்கு 1440 புள்ளிப் படம் தேவையில்லை. புள்ளி குறைந்த படத்தை 1440இல் அடித்தாலும் அது தெளிவாகப் போவதில்லை. மங்கல் படத்தைக் கவனமாக அச்சிட்டால் கவனமாக அச்சிட்ட மங்கல்தான் கிடைக்கும்.

எத்தனை புள்ளி போதும்?

300 டிபிஐ என்ற எண் எல்லோர் வாயிலும் இருக்கிறது. கையில் பிடித்து வாசிக்கும் சஞ்சிகைக்கு அது பொருந்தும். பெனருக்கு அதைக் கேட்பது வீண்.

நல்ல பார்வையுள்ள கண் ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும். இதை அளவாக்கினால், ஒரு மீற்றர் தூரத்தில் கண்ணுக்கு அங்குலத்துக்கு 87 புள்ளி போதும். 30 சென்ரிமீற்றரில் 290 வேண்டும். சஞ்சிகையின் 300 இங்கிருந்துதான் நியாயம் பெறுகிறது. மூன்று மீற்றரில் 29 போதும், பத்து மீற்றரில் 9 போதும். பார்ப்பவர் இரண்டு மடங்கு தூரம் போனால் தேவைப்படும் புள்ளி பாதியாகும்.

இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடவும் கூடாது. மடவளை பஸாரின் வீதி அகலமானதல்ல. கடை முகப்பில் தொங்கும் பெனரை இரண்டு மூன்று மீற்றரிலிருந்தே பார்க்கிறோம். பஸ் நிற்கும்போது அதன் ஜன்னலிலிருந்து இன்னும் கிட்டப் பார்க்கிறோம். கண்ணின் எல்லையில் சரியாக நிற்கும் படம், சுருக்கப்பட்ட கோப்பாலும் துணியின் நெசவாலும் இன்னும் கொஞ்சம் இழக்கும். எனவே கணக்கில் வரும் எண்ணை இரட்டிப்பாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. வீதிப் பெனருக்கு 60 முதல் 100 வரை, மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் வரும் திரைக்கு 50, கிட்ட நின்று வாசிக்கும் கண்காட்சிப் பலகைக்கு 150, சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு 200க்கு மேல் என்பது என் சிபாரிசு.

இதை ஒரு பெனரில் வைத்துப் பார்ப்போம். பத்தடிக்கு நான்கடி என்றால் 120 அங்குலத்துக்கு 48 அங்குலம். 72 புள்ளி வீதம் 8640க்கு 3456, கிட்டத்தட்ட மூன்று கோடிப் புள்ளி. சாதாரணமான 12 மெகாபிக்சல் போன் எடுக்கும் படம் 4032க்கு 3024. அதைப் பெனரின் நான்கடி உயரத்துக்கு நிறுத்தினால் அங்குலத்துக்கு 63 புள்ளி கிடைக்கும். வீதிக்கு அது தாராளம். கையிலுள்ள போனே போதும் என்பதுதான் இந்தக் கணக்கு சொல்லும் நல்ல செய்தி.

வட்ஸ்அப்பில் வந்த முகம்

அப்படியானால் அந்த ஆசிரியரின் முகம் ஏன் கரைந்தது? படம் வந்த வழிதான் காரணம். வட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பும் படம் வழக்கமாக நீளப் பக்கத்தில் 1600 புள்ளி அளவுக்குச் சுருக்கப்படுகிறது. அதுவும் ஒரு கூட்டப் படம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் நிற்பவரின் தலையும் தோளும் 400 புள்ளி உயரம் இருக்கும். அதை வெட்டியெடுத்து மூன்றடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 11 புள்ளிதான் மிஞ்சும்.

சதுரங்கள் வந்த காரணம் ஜேபெக் முறையில் இருக்கிறது. ஜேபெக் கோப்பு படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகளாகக் கட்டம் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துச் சேமிக்கிறது. சிறிய திரையில் அது தெரியாது. 11 புள்ளி வீதத்தில் அந்தக் கட்டம் ஒவ்வொன்றும் 18 மில்லிமீற்றர் ஆகிறது. ஆசிரியரின் கன்னத்தில் நான் கண்ட தபால் முத்திரைகள் அவைதான். படத்தைப் பெற்றவர் இன்னொருவருக்கு அனுப்பி, அவர் திரைப்பிடிப்பு எடுத்து, டிசைனர் மறுபடி ஜேபெக்காகச் சேமித்திருந்தால் ஒவ்வொரு கையிலும் இன்னும் கொஞ்சம் கழிந்திருக்கும்.

மருந்து எளிது. அதே வட்ஸ்அப்பில் படத்தை டொகியுமென்ட் என்ற வழியில் அனுப்பினால் எடுத்த படம் எடுத்தபடியே போய்ச் சேரும். 2023இல் வந்த எச்டி தெரிவு ஓரளவு உதவும், ஆனால் முழுமையாக அல்ல. பென் டிரைவ், மின்னஞ்சல் எதுவானாலும் எடுத்த போனிலிருந்து நேராக வரவேண்டும் என்பதே விதி.

படத்தை ஃபோட்டோஷொப்பில் திறந்து, அளவுப் பெட்டியில் 72ஐ அழித்து 300 என்று எழுதிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புவோர் பலர். அது ரொட்டியை எத்தனை துண்டாக வெட்டுவது என்பதை மாற்றும் வேலை. ரொட்டி வளராது.

பழைய படங்களும் புதிய நுண்ணறிவும்

பாடசாலை ஆண்டு விழாக்களில் பழைய குழுப்படங்களைப் பெரிதாக்கி வைக்கும் வழக்கம் பரவிவருகிறது. அது போற்ற வேண்டிய வழக்கம். ஆறங்குல அகலப் படமொன்றை 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 3600 புள்ளி கிடைக்கும். ஆறடிக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 50. ஆனால் அறுபது பேர் நிற்கும் படத்தில் ஒரு முகம் மூன்று மில்லிமீற்றர்தான். அது 70 புள்ளியில் அடங்கிவிடுகிறது. 1200இல் ஸ்கேன் செய்தால் புள்ளி இரட்டிக்கும், ஆனால் பழைய தாள் அச்சில் அந்தளவு நுணுக்கம் பெரும்பாலும் இருப்பதில்லை. தாளின் இழையும் கீறலும்தான் பெரிதாகத் தெரியும். நெகட்டிவ் எங்காவது ஒரு தகரப் பெட்டியில் இருந்தால் அதைத் தேடிப் பிடிப்பதே மேல். தாள் அச்சை விட அதில்தான் அதிகம் தங்கியிருக்கும். சட்டத்துக்குள் இருக்கும் படத்தைக் கண்ணாடியோடு போனில் எடுத்து அனுப்புவதைப் போல அந்தப் படத்துக்குச் செய்யும் அநியாயம் வேறில்லை. கண்ணாடியின் பளபளப்பும் போனின் நிழலும் படத்தோடு சேர்ந்து ஆறடியாகும்.

இப்போது செயற்கை நுண்ணறிவால் படம் பெரிதாக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. பழைய முறைகள் இரண்டு புள்ளிகளுக்கிடையே சராசரியை நிரப்பின. அதனால் படம் மென்மையாக மங்கியது, ஆனால் பொய் சொல்லவில்லை. புதிய முறை தான் கற்ற ஆயிரமாயிரம் படங்களை வைத்து அங்கே என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகிறது. மரத்துக்கும் மலைக்கும் கட்டடத்துக்கும் அது பெரும் உதவி. முகத்துக்கு வந்தால் ஆபத்து. 70 புள்ளியில் இருந்த பிள்ளைக்குக் கூர்மையான கண்ணும் பல்வரிசையும் கிடைக்கும், ஆனால் அவை அந்தப் பிள்ளையுடையவை அல்ல. பெற்ற உம்மாவுக்கே தெரியாத முகமாக அது மாறிவிடும். இரண்டு மடங்குக்கு மேல் முகங்களை இப்படிப் பெரிதாக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. மங்கலான உண்மை முகத்தைச் சிறிதாக அச்சிடுவது, தெளிவான அந்நிய முகத்தைப் பெரிதாக அச்சிடுவதை விடக் கண்ணியமானது.

நிறம்: இரண்டு கட்சிகள்

திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒளிகளால் நிறம் காட்டுகிறது. அச்சு சயன், மஜெண்டா, மஞ்சள், கறுப்பு என்ற மைகளால் காட்டுகிறது. ஒளியில் வரும் எல்லா நிறமும் மையில் வராது. போனில் மின்னும் இளம்பச்சை துணியில் வாடிய இலையாகிவிடும். பள்ளிவாசல் குவிமாடத்தின் பச்சைக்கும் பெருநாள் வாழ்த்தின் பிறைக்கும் இந்தச் சோதனை அடிக்கடி நேர்கிறது. நீலத்துக்கு வேறொரு துன்பம். சயனும் மஜெண்டாவும் கிட்டத்தட்டச் சம அளவில் இருந்தால் அது ஊதாவாக இறங்கும். நீலம் நீலமாக நிற்க மஜெண்டா சயனை விட முப்பது வீதமாவது குறைந்திருக்க வேண்டும்.

கோப்பை டிசைனரே நான்கு மைக்கு மாற்றி அனுப்ப வேண்டுமா, அல்லது திரை நிறத்திலேயே அனுப்பி அச்சகத்தின் ரிப் மாற்றட்டும் என்று விடவேண்டுமா? இத்தொழிலில் நீண்டகாலமாக இரண்டு கட்சிகள் உண்டு. முதல் கட்சி சொல்வது, மாற்றிப் பார்த்தால்தான் எந்த நிறம் வாடும் என்று முன்னரே தெரியும் என்பது. அது நியாயம். ஆனால் எதற்கு மாற்றுகிறோம் என்ற கேள்வி அங்கே விடுபட்டுவிடுகிறது. நமது கணினிகளில் ஃபோட்டோஷொப் வந்தபடியே இருந்தால், அது மாற்றும் இலக்கு பெரும்பாலும் ஸ்வொப் எனப்படும் நியமம். வட அமெரிக்காவில் சஞ்சிகைகளைச் சுருள் ஓப்செட்டில் அச்சிடுவதற்காக வகுக்கப்பட்டது அது. கண்டியில் ஓடும் பெனர் மெஷினுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மைப்பீச்சு இயந்திரம் காட்டக்கூடிய சில நிறங்கள் அந்த மாற்றத்திலேயே வெட்டுண்டு போகின்றன. பின்னர் அவற்றை எந்த ரிப்பாலும் மீட்க முடியாது.

இதற்காகத்தான் ஐசிசி என்ற சர்வதேச நிறக் கூட்டமைப்பை எட்டு நிறுவனங்கள் 1993இல் தொடங்கின. ஒவ்வொரு கருவியும் தன் நிறக்குணத்தை ஒரு சிறு கோப்பில், புரொஃபைலில், எழுதி வைத்துக்கொள்ளும். படம் எந்த நிறவெளியில் பிறந்தது, எந்த மையில் இறங்கப்போகிறது என்பதை அந்தக் கோப்புகள் பேசித் தீர்த்துக்கொள்ளும். என் தீர்ப்பு இது. புகைப்படத்தை எஸ்ஆர்ஜிபி நிறவெளியில், புரொஃபைலை உள்ளே பதித்து, மாற்றாமல் அனுப்புங்கள். எழுத்துக்கும் சின்னத்துக்கும் பின்னணிக்கும் மாத்திரம் மை அளவுகளை நீங்களே குறியுங்கள். அச்சகத்திடம் தன் துணிக்கும் மைக்கும் செய்த புரொஃபைல் இருந்தால் கேட்டு வாங்கி, அதில் திரையிலேயே முன்னோட்டம் பாருங்கள். இல்லையென்றால் ஓரடித் துண்டில் டெஸ்ட் அடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

கறுப்பைப் பற்றியும் ஒரு சொல். கறுப்பு மை மட்டும் கொண்டு பெரிய பரப்பை நிரப்பினால் துணியில் அது சாம்பலாகத் தெரியும். மற்ற மைகளைக் கொஞ்சம் கலந்தால் ஆழம் வரும். நான்கையும் நூறு வீதம் ஊற்றினால் மை காயாமல், சுருட்டும்போது பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். சிறிய தமிழ் எழுத்துக்குக் கறுப்பு மை மாத்திரமே போதும். பல மை கலந்தால் இம்மி விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நிறக்கோடு முளைக்கும்.

எழுத்து உடையும் இடம்

முகம் கரைந்தால் ஒருவருக்கு அவமதிப்பு. எழுத்து உடைந்தால் மொழிக்கே அவமதிப்பு. சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகளாக உள்ள நாட்டில், மும்மொழிப் பலகைகளில் தமிழ் வரி மாத்திரம் குலைந்து நிற்பதை நாம் எத்தனை முறை பார்த்துவிட்டோம். மொழிபெயர்ப்பின் பிழை ஒருபுறம் இருக்கட்டும். சரியாக எழுதிக் கொடுத்த வரியும் அச்சில் உடைவதற்குக் கோப்பே காரணம்.

நமது டிசைன் கடைகளில் இன்னும் பாமினி எழுத்துருதான் ஆட்சி செய்கிறது. பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால் கோப்புக்குள் இருப்பது தமிழ் அல்ல. ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே அங்கே இருக்கின்றன. எழுத்துரு என்ற சட்டையை மாட்டியிருக்கும் வரைக்கும் அவை த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் சட்டை கழன்று ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். முஸ்லிம் ஊர்களின் பெனர்களுக்கு இதில் கூடுதல் இடர் உண்டு. ஜ, ஸ போன்ற எழுத்துகள் பாமினியில் சதுர அடைப்புக்குறி விசைகளில் அமர்ந்திருக்கின்றன. ஹஜ், மஸ்ஜித், ஜும்ஆ என்று நம் அன்றாடச் சொற்களில் இவை இல்லாத வரியே அரிது. எழுத்துரு மாறினால் முதலில் சிதறுவது நம்முடைய பெயர்கள்தான்.

யுனிகோட் இதைத் தீர்க்கிறது. அதில் த என்றால் எந்தக் கணினியிலும் த. ஆனால் யுனிகோடுக்கு எழுத்தைக் கோத்துத் தரும் பொறி ஒன்று மென்பொருளுக்குள் வேண்டும். ‘கொ’ என்பதில் ககரத்துக்குப் பின்னால் பதிவான உயிர்க்குறி, திரையில் முன்னும் பின்னுமாகப் பிரிந்து நிற்கவேண்டும். பழைய கோரல்ட்ரோவுக்கோ, தெற்காசிய எழுத்துகளைக் கோக்கும் பொறி தெரிவு செய்யப்படாத ஃபோட்டோஷொப்புக்கோ அது தெரியாது. ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், வெறும் புள்ளி வட்டங்கள் முளைக்கும். தமிழ் வாசிக்கத் தெரியாத டிசைனருக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. நமக்குச் சிங்கள எழுத்தில் அதே பிழை நேர்ந்தால் நம்மில் எத்தனை பேர் கண்டுபிடிப்போம்?

செய்யவேண்டியது மூன்று. வரியை யுனிகோடில் எழுதிக் கொடுங்கள், கூடவே சரியான வடிவத்தைப் படமாகவும் அனுப்புங்கள். ஒப்பிட்டுப் பார்க்க டிசைனருக்கு அது போதும். சரிபார்த்த பிறகு மாத்திரமே எழுத்தைக் கோட்டுருவாக, அச்சகத்தார் கர்வ் என்று சொல்வதாக, மாற்றச் சொல்லுங்கள். கர்வ் ஆன எழுத்து எந்தக் கணினியிலும் உடையாது, ஆனால் அதில் பிழை திருத்தவும் முடியாது. ஆகையால் மாற்றுமுன் உள்ள கோப்பும் தனியே இருக்கட்டும். மூன்றாவது, தமிழ் வாசிக்கும் ஒருவர் கடைசிக் கோப்பை, முதல் வரைவை அல்ல, அச்சுக்கு முன் பார்க்கவேண்டும்.

அளவும் ஓரமும்

மற்றவை சிறியவை, ஆனால் மறக்கக்கூடாதவை. ஜேபெக் ஒரு பக்கத்தில் 65,535 புள்ளிக்கு மேல் ஏற்காது. ஃபோட்டோஷொப்பின் சாதாரணக் கோப்பு 30,000 புள்ளியில் நின்றுவிடும். அளவைக் கையாள இலகுவாக, மிகப் பெரிய பலகைகளைப் பத்தில் ஒரு பங்கு அளவில், பத்து மடங்கு புள்ளி வீதத்தில் தயாரிப்பது வழக்கம். இருபதடிப் பலகை இரண்டடிக் கோப்பாகும், 40 புள்ளி 400 ஆகும். கோப்பின் பெயரிலேயே அந்த விகிதத்தை எழுதிவிட வேண்டும். படத்துக்கு டிஃப், எழுத்தும் கோடும் சேர்ந்ததற்குப் பிடிஎஃப் என்பது நல்ல பழக்கம். ஜேபெக்தான் வேண்டுமென்றால் ஆக உயர்ந்த தரத்தில், ஒரே முறை சேமித்தது போதும். பெனரின் ஓரத்தை மடித்துத் துளைக்கு வளையம் அடிப்பார்கள். எனவே நான்கு புறமும் மூன்று அங்குலத்துக்குள் எழுத்தோ முகமோ வரக்கூடாது. தொலைபேசி இலக்கத்தின் கடைசி எண்ணில் வளையம் விழுந்த பெனரை நான் கண்டிருக்கிறேன்.

பிழைத்த அச்சின் விலை

ஃப்ளெக்ஸ் என்று நாம் சொல்வது பொலியெஸ்டர் வலையின் மீது பூசிய பிவிசி. மண்ணில் மட்காது. எரித்தால் நச்சுப் புகை. இலங்கையில் 2017 செப்டெம்பர் முதல் அரசியல், சமய, சமூக நிகழ்வுகளில் பொலித்தீன் அலங்காரம் தடைசெய்யப்பட்டது. 2019இல் கேரள அரசு ஃப்ளெக்ஸையே தடைசெய்து துணிக்கும் தாளுக்கும் திரும்பச் சொன்னது. நம் ஊரில் ஒரு நாள் நிகழ்வுக்கு அடித்த பெனர் பிறகு கோழிக்கூட்டுக்குக் கூரையாகிறது, விறகு மூடுகிறது, கடைசியில் ஓடையில் சேர்கிறது.

சுருளும் மையும் அச்சுத்தலையும் அந்நியச் செலாவணி கொடுத்து வருபவை. 2022 மார்ச்சில் தாளும் மையும் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திப்போடப்பட்ட காலத்தை நாம் மறந்துவிடவில்லை. கோப்பில் இருந்த ஒரு பிழைக்காக நாற்பது சதுர அடியை மறுபடி அடிக்கும்போது, காசோடு சேர்த்து மட்காத நாற்பது சதுர அடியும் ஊருக்கு மிஞ்சுகிறது. பருத்தித் துணியில் அச்சிடும் முறை பரவினால் இன்னும் நல்லது. அப்போதும் கோப்புச் சரியாக இருந்தால்தான் துணி வீணாகாது.

யாருடைய பொறுப்பு?

மூவருடையதும். ஆனால் வரிசை உண்டு. மூலப் படத்தையும் சரியான வரியையும் தருவது வாடிக்கையாளரின் கடமை. அவர் தராவிட்டால் மற்றிருவரால் ஒன்றும் செய்ய முடியாது. புள்ளி போதாது என்று வாய்திறந்து சொல்வது டிசைனரின் கடமை. சொல்லாமல் இழுத்துப் பெரிதாக்குவது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. தன் இயந்திரத்துக்கு எந்தக் கோப்பு வேண்டும் என்று கடைச் சுவரில் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டுவது அச்சகத்தின் கடமை. கண்டி மாவட்டத்துப் பாடசாலைகளில் தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்தக் கணக்கை ஒரு பாடவேளையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். வகுத்தலும் பெருக்கலும் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது விளங்கும்.

அடுத்த முறை உங்கள் பாடசாலைக்கோ பள்ளிவாசலுக்கோ கடைக்கோ பெனர் அடிக்க நினைத்தால், படத்தை எடுத்தவரிடமே கேட்டு வாங்குங்கள். அதை டொகியுமென்டாக அனுப்புங்கள். எத்தனை அடி, எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள் என்பதை டிசைனரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அச்சுக்குப் போகும் கடைசிக் கோப்பைத் திறந்து, தமிழ் வரியை ஓர் எழுத்தும் விடாமல் வாய்விட்டு வாசியுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.